உரல் மேல் நடந்த வகுப்பு

நீங்களும் நான் குடித்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறேன் என்றுதானே நினைத்தீங்க, அக்கா?

அட, பரவாயில்லைங்க. சிரித்துக்கொண்டேதான் கேட்கிறேன். ஈரோடு ஸ்டாண்டில் நான் படி ஏறி, கம்பியைப் பிடித்து, அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி உங்க மடியில் உட்காரப் பார்த்தேன் இல்லையா, அப்போ சேலையை இழுத்துச் சுருட்டிக்கொண்டு ஜன்னலோரம் ஒதுங்கினீங்க பாருங்க, அதை வைத்துச் சொல்கிறேன். பின்னால் ஒருத்தர், "காலங்காத்தாலயேவா"ன்னு முணுமுணுத்தார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். கெட்டுப்போனது காலும் கொஞ்சம் கண்ணும்தான். "ஆமாங்கண்ணா, உங்களுக்கும் ஊத்தட்டுமா?"ன்னு திரும்பிக் கேட்டிருப்பேன். அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. வண்டி ஓடும்போது நான் திரும்ப மாட்டேன். திரும்பினால் தலை ஒரு பக்கம் போகும், உடம்பு ஒரு பக்கம் போகும்.

திருப்பூர்தானே நீங்களும்? நல்லதாப் போச்சு. நான் என் பொண்ணைக் கூட்டிக்கொண்டு வரப் போகிறேன். மிதுனா என்று பேர். நாலு முடிந்து அஞ்சு நடக்குது. திருப்பூரில் என் நங்கையாள் வீட்டில் இருக்கிறாள். நங்கையாள் என்றால் வீட்டுக்காரரோட அக்கா, சாந்தாமணி. லீவுக்குக் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று தூக்கிக்கொண்டு போனவங்க, இப்போ அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன் என்கிறாங்க. திங்கட்கிழமை சேர்க்கையாம். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஒரு தடவை பேரை எழுதிச் சேர்த்துவிட்டால் பிறகு யார் திருப்பிக் கொடுப்பார்கள், சொல்லுங்க? அதனால் இன்றைக்கே கிளம்பிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டால்தானே வேண்டாம் என்பார்கள்?

என்ன வியாதி என்று கேட்க வருகிறீங்க, கேட்கக் கூச்சப்படுகிறீங்க. எம்.எஸ். என்பார்கள். முழுசாச் சொன்னால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்த வாயில் அது நுழையவே நாளாச்சு. இப்போ தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தடுமாறாமல் சொல்வேன். கால்தான் தடுமாறும், வாய் தடுமாறாது.

கோயமுத்தூர் டாக்டர்தான் விளக்கினார். "நரம்பு மேல ஒரு உறை இருக்கும்மா. உன் உடம்பே அதை அரிச்சுத் தின்னுது"ன்னார். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எங்க ஊர் திருச்செங்கோட்டுக்குப் பக்கம். அங்கே பாதி வீட்டு ஆம்பளைகள் ரிக் வண்டியில்தான் இருப்பார்கள், வடக்கே போய் போர்க்கிணறு போடுகிற வேலை. எங்க வீட்டுக்காரரும் அதில்தான். "போர்ல எறக்குற மோட்டாருக்குக் கேபிள் போகுமில்லைங்களா, அதோட மேல்தோல் உரிஞ்ச மாதிரியா?"ன்னு கேட்டேன். "அதேதான்"ன்னார். "அப்போ டேப்பு சுத்த முடியாதுங்களா?"ன்னேன். சிரித்துவிட்டார் மனுசன். "அந்த டேப்பு இன்னும் வரல. மேற்கொண்டு உரியாம இருக்க மருந்து குடுக்கறேன். இருக்கிற பலத்தை வெச்சு ஓட்டுறதுக்கு உடற்பயிற்சி பண்ணு"ன்னார்.

தினம் கோயமுத்தூர் போய்ப் பயிற்சி பண்ண முடியுமா? அங்கே இருந்த நர்சம்மா என் போனை வாங்கி ஒரு குரூப்பில் சேர்த்துவிட்டாங்க. வாரத்தில் மூணு நாள், காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால், போனிலேயே வகுப்பு. ரெபேக்கா மேடம்தான் வாத்தியாரம்மா. சென்னையில் அவங்க வீட்டு ஹாலில் நின்று காட்டுவாங்க, நாங்கள் அவரவர் வீட்டில் செய்ய வேண்டும். எல்லாரும் இதே வியாதிக்காரர்கள். சின்னச் சின்னக் கட்டத்துக்குள் முகம் தெரியும். காரைக்கால் அக்கா ஒருத்தர் கட்டிலில் படுத்தபடியே செய்வார். புதுக்கோட்டை சார் ஒருத்தர் போனை எப்படி வைப்பாரோ, கூரைதான் தெரியும். அவர் முகத்தை நான் இன்னும் பார்த்ததில்லை. அவங்க வீட்டு ஃபேன் எனக்கு நல்லாப் பழக்கம்.

முதல் நாளே மேடம், "ஆடாத, கைப்பிடி இல்லாத நாற்காலியில உக்காருங்க"ன்னு சொன்னாங்க. எங்க வீட்டில் இருந்தது பிளாஸ்டிக் சேர். நான் எழுந்து உட்கார்ந்தால் அது சிமெண்டுத் தரையில் என்னைவிட வேகமாகப் பின்னால் போகும். சுற்றிப் பார்த்தேன். கிரைண்டர் வந்த நாளிலிருந்து ஆட்டுரல் மூலையில் சும்மா கிடந்தது. மேலே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். கல் ஆடுமா? யானை உட்கார்ந்தாலும் ஆடாது. உட்கார்ந்து எழுந்தேன், உட்கார்ந்து எழுந்தேன், அவ்வளவு சுகம்.

எங்க அத்தை பாவாயி, வீட்டுக்காரரோட அம்மா, ஆட்டுக்குத் தழை போட்டுவிட்டு உள்ளே வந்தது. அவ்வளவுதான்.

"அடி கோகிலா! ஒரல் மேல குண்டிய வெச்சு உக்காந்திருக்கிறயே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? குடும்பம் வெளங்குமா?"

மைக் திறந்து கிடக்குதுங்க. அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

"என்னாச்சு கோகிலவாணி?"ன்னாங்க மேடம்.

"ஒண்ணுமில்லீங்க மேடம், எங்க அத்தை ஆசீர்வாதம் பண்ணுது."

காரைக்கால் அக்கா படுத்திருந்த கட்டிலே குலுங்கியது. அந்த நேரம் பார்த்துப் புதுக்கோட்டை ஃபேன் பேசுது: "பெரியம்மா சொல்றது நியாயந்தாம்மா, உரல்ல உக்காரக் கூடாது."

"கேட்டுக்க! படிச்ச மனுசனே சொல்றாரு!"ன்னு எங்க அத்தை போனுக்குள் முகத்தை விட்டு எட்டிப் பார்த்தது. "எங்கடி ஆளைக் காணோம், காத்தாடிதான் சுத்துது?"

நான் எழுந்திரிக்கவில்லை. சண்டை போட்டேன். "என்ற காலுக்கு முட்டுக் குடுக்கிற கல்லு எனக்குச் சாமிதான், உக்காந்தா கோவிச்சுக்காது"ன்னேன். அத்தை ஆட்டுப் பக்கம் போய்விட்டது. அடுத்த வகுப்பன்றைக்குப் பார்த்தால், உரலைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, அதன்மேல் சாக்கை நாலாக மடித்துப் போட்டிருக்குது. "மன்னிப்புக் கேட்டுட்டேன். உக்காந்து தொலை." தோற்றுப்போச்சு பாருங்க கிழவி! என்கிட்ட முடியுமா?

ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? புருசன் வடக்கே இருக்கிறான், இவள் விடிந்ததும் போனைப் பார்த்துக் காலைத் தூக்குகிறாள், கையைத் தூக்குகிறாள் என்று. எதிர்வீட்டுக்காரி நேராகவே கேட்டாள், "போன்ல யாருடி அது?"ன்னு. "வா, நீயும் வந்து தூக்கு. உன்ற காலு எவ்வளவு தூரம் போகுதுன்னு பாக்கலாம்"னு கூப்பிட்டேன். வந்தாள். பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். அன்றையிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை.

ரெபேக்கா மேடம் நல்லவங்கதான். ஒரே ஒரு குறை. "முடியும்போதே நிறுத்துங்க, முடியாமப் போன பிறகு நிறுத்தாதீங்க" என்று சும்மா சும்மா சொல்வாங்க. களைப்பு வருகிறதுக்குள் உட்கார வேண்டுமாம். உடம்பு சூடேறக் கூடாதாம். ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டுமாம். இந்த நரம்புக்கு வெயில்தான் முதல் எதிரியாம். ஈரத்துண்டு சரி. பாதியில் உட்காருகிறது? நீங்களே சொல்லுங்கக்கா. மஞ்சக்காட்டில் களை எடுக்கப் போகிறோம், பிடித்த சால் வரிசையை முடிக்காமல் கரையேறுவோமா? பக்கத்துச் சால்காரி சிரிக்க மாட்டாளா? அது பட்டணத்துக்காரர்களுக்குச் சொல்கிறது என்று விட்டுவிட்டேன். மேடம் சொன்னதைப்போல மூணு பங்கு செய்தேன். வகுப்பில் ஒரு தடவை, வகுப்பு முடிந்து ஒரு தடவை, சோறு வடித்துவிட்டு ஒரு தடவை. கால் நடுங்க நடுங்கச் செய்தேன். நடுங்கினால் என்ன, பலம் ஏறுகிறது என்றுதானே அர்த்தம்?

சித்திரை மாசம் அது. அனல் அடிக்குது. அன்றைக்கு வகுப்பு முடித்து, திரும்பச் செய்து, துணி துவைத்து, மிதுனாவுக்குத் தலைக்கு ஊற்றி, துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு பாத்ரூமிலிருந்து வருகிறேன். வாசப்படிகிட்ட வந்ததும் இடது கால் இல்லை. கீழே பார்த்தால் கால் இருக்குது. ஆனால் நான் சொன்னதைக் கேட்கிற கால் இல்லை. விழுந்துவிட்டேன். புள்ளைக்குப் படிக்கட்டு முனை தாடையில் பட்டுத் தையல் போட வேண்டியதாச்சு.

தரை ஈரமாக இருந்ததுங்க. அதுதான். ஈரத்தரையில் நீங்கள் நடந்தாலும் வழுக்கும், யார் நடந்தாலும் வழுக்கும். எங்க அத்தைதான் தரை காய்ந்து கிடந்ததாகச் சொல்லும். அதுக்குக் கண்ணில் புரை.

விசயம் தெரிந்ததும் நங்கையாள் கார் வைத்துக்கொண்டு வந்துட்டாங்க. அவங்க வீட்டுக்காரருக்கு பனியன் கம்பெனி. புள்ளை தாடைக் கட்டைப் பார்த்தாங்க, என் காலைப் பார்த்தாங்க. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். "கொஞ்ச நாள் என்கிட்ட இருக்கட்டும் கோகிலா, நீ உடம்பைத் தேத்து"ன்னாங்க. அப்படி நைசாகப் பேசித்தான் கூட்டிப்போனாங்க. அவங்களுக்கு ரெண்டும் பையன்கள். பொண்ணு மேல் ரொம்ப நாளாக ஆசை. என்ன, நான் சொல்கிறது சரிதானே?

வாரம் ஆச்சு, மாசம் ஆச்சு. போன் போட்டால், "அம்மா, அத்தை ஊட்ல ஏசி இருக்கு"ன்னு சொல்லிவிட்டு விளையாட ஓடிவிடுகிறாள். பள்ளிக்கூடப் பேச்சு அப்போதுதான் வந்தது. ராய்ப்பூரில் இருந்த வீட்டுக்காரரைப் பிடித்தேன்.

"மாமா, என்ற புள்ளைய எனக்குக் கூட்டியாந்து குடுக்கச் சொல்லுங்க."

"கொஞ்ச நாள் இருக்கட்டுமே கோகி. நீ ரெஸ்ட் எடு."

"நீங்க போர் போடறீங்களே, நடுவுல பாறை வந்தா ரெஸ்ட் எடுப்பீங்களா?"

"அது மெசினுடி."

"நானும் மெசின்தான். கேபிள்தான் கொஞ்சம் கெட்டுப்போச்சு. போனை வைங்க!"

மறுநாள் வகுப்பில் கைகளைத் தூக்கச் சொன்னால் எனக்குக் கை எழவில்லை. மேடம் எல்லாரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு என்கிட்ட கேட்டாங்க. வேர்வையைத் துடைத்துக்கொண்டு முழுக்கதையும் சொன்னேன். வேர்வைதான், அழவெல்லாம் இல்லை. "சரி கோகிலவாணி, இந்தப் பயிற்சியெல்லாம் எதுக்குப் பண்றீங்க? உங்களுக்கு என்ன பண்ணணும்?"ன்னாங்க.

"திருப்பூர்ல, நாலு பேர் பார்க்க, எங்க நங்கையா கண்ணு முன்னாடி, என்ற பொண்ணைத் தூக்கி இடுப்புல வெக்கணும்"னேன்.

ஃபேன் சார் கைதட்டினார். மேடம் கைதட்டவில்லை. "முதல்ல பஸ் ஏறி இறங்குவோம். தூக்குறதைப் பிறகு பார்க்கலாம்"னாங்க.

அதிலிருந்து எனக்கென்று தனிப் பாடம். வாசப்படியில் ஏறு, இறங்கு. ஓடுகிற பஸ்ஸில் நிற்கிற மாதிரி ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து நில். திரும்பு, கண்ணை ஒரே இடத்தில் வைத்துத் திரும்பு. அதையெல்லாம் செய்தேன். அதோடு மேடத்துக்குத் தெரியாமல் மக்காச்சோள மூட்டை ஒன்றை மிதுனா எடைக்குக் கட்டி இடுப்பில் வைத்தும் நடந்தேன்.

அங்கேதான் எங்க அத்தை புகுந்து கெடுத்தது. வகுப்பு நேரத்துக்கு ஆட்டை அவிழ்க்காமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். நான் வாய் திறக்கிறதுக்குள் போனைப் பார்த்துக் கோள் சொல்லும்.

"அம்மிணி, நேத்து இவ சோளமூட்டையத் தூக்கீட்டுத் திரிஞ்சா. பொழுது சாஞ்சதும் காலை இழுத்து இழுத்து நடந்தா. இன்னிக்குக் கொறைச்சுக் குடுங்க."

"அப்படியாங்கம்மா? நீங்க சொன்னது நல்லதாப் போச்சு"ன்னு மேடம் பாதியாகக் குறைத்துவிடுவாங்க. ரெண்டு பேரும் கூட்டு! நான் கத்துவேன், "மேடம், வகுப்பு எனக்கா, எங்க அத்தைக்கா?"ன்னு. அத்தை கையில் சொம்பு இருக்கும். ஈரத்துண்டு சூடாகச் சூடாகப் பிடுங்கி, நனைத்து, மறுபடி என் கழுத்தில் போடும். வேவு பார்க்கிறவங்களுக்கு உட்கார ஒரு சாக்கு வேண்டுமில்லையா, அதற்குத்தான். சோளமூட்டையை எங்கே ஒளித்ததோ, இன்று வரை கிடைக்கவில்லை.

அத்தனைக்கும் நடுவில் நான் தேறினேன் பாருங்க! வைகாசியில் வாசப்படியைப் பிடிக்காமல் ஏறினேன். கால் இழுக்கிறது குறைந்தது. சாயங்காலம் சோறாக்கி முடித்த பிறகும் நிற்க முடிந்தது. குறைத்துச் செய், குறைத்துச் செய் என்று ரெண்டு பேரும் காலை வாரியும், நான் பிடிவாதமாக இருந்து தேறினேன். பிடிவாதம் இல்லையென்றால் இந்த வியாதி நம்மைச் சாப்பிட்டுவிடும்.

இன்றைக்குக் காலையில் அத்தை தழைக்குப் போன நேரம் பார்த்து நழுவிவிட்டேன். அதுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் ஒரு அதிசயம். டவுன் பஸ்ஸில் ஏறி முகம் துடைக்கப் பையைத் திறந்தால், நனைத்துப் பிழிந்த துண்டு, பாலிதீன் கவருக்குள். பக்கத்தில் ஐஸ் கட்டின தண்ணி பாட்டில். நான்தான் பரபரப்பில் வைத்திருப்பேன் போல. எங்க ஊர் டிரைவரும் இன்றைக்கு என்னவோ, நான் ஏறி உட்காருகிற வரைக்கும் வண்டியை எடுக்கவில்லை. என்றைக்கும் பறக்கிற ஆள். எல்லாம் நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

பெருந்துறை தாண்டியாச்சா? செங்கப்பள்ளியா? அட, பேசிக்கொண்டே வந்ததில் தெரியவில்லை.

இறங்கியதும் என்ன செய்வேன் தெரியுமா? ஆட்டோ பிடித்து நேராக அவங்க வீட்டு வாசலுக்குப் போய், உட்காரக்கூடச் செய்யாமல், மிதுனாவை அப்படியே அள்ளி இடுப்பில் வைத்து, "வர்றேனுங்க நங்கையா"ன்னு திரும்பி நடப்பேன். அவங்க வாய் பிளந்து நிற்க வேண்டும். இந்தக் கோடை முழுக்க இதைத்தான் மனசில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். காலை எங்கே ஊன்றுவது, எந்தப் பக்கம் திரும்புவது, எல்லாம் யோசித்து வைத்தாச்சு.

இருங்க, போன் அடிக்குது. நங்கையாள்தான்! எப்படித் தெரிந்தது? ஸ்பீக்கரில் போடுகிறேன். நீங்களும் ஒரு பொதுமனுசியாக இருந்து நியாயத்தைக் கேளுங்க.

"சொல்லுங்க நங்கையா."

"எங்கடி வர்றே? அம்மா அப்பவே போன் பண்ணீருச்சு. உன்னைத் தடுக்க வேண்டாம், போய் ஸ்டாண்டுல நில்லுன்னு சொல்லுச்சு. புள்ளையோட கெளம்பிட்டேன். எறங்குனதும் வெயில்ல நடக்காதே."

"நான் நடப்பனுங்க. என்ற புள்ளையத் தூக்கீட்டே நடப்பேன்."

"கோகிலா, நான் புடுங்கி வெச்சுக்கலடி. அந்தத் தாடையப் பாத்ததுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல."

"தரை ஈரமுங்க!"

"சரி, ஈரம். நான் ஒண்ணும் சொல்லல. இந்தா, அவளே பேசறாளாம்."

"அம்மா!"

"சாமி! அம்மா வந்துட்டே இருக்கறேன். ஸ்டாண்டுல எறங்குனதும் உன்னைத் தூக்கி இடுப்புல வெச்சுக்குவனாம்."

"வேண்டாம். தூக்காதே. வலிக்கும்."

"எனக்கு வலிக்காது கண்ணு. அம்மா எக்சைஸ் பண்ணி நல்லா ஆயிட்டேன்."

"உனக்கு இல்ல. எனக்கு."

"உனக்கா? எங்க கண்ணு?"

"எனக்கு இங்க வலிக்கும். நான் நடந்தே வர்றேன். நம்ம ஊட்டுக்குப் போலாம். ஆட்டுக்குட்டி இருக்குதா?"

"இருக்குது சாமி. ஆடு இன்னும் ரெண்டு குட்டி போட்டிருக்குது. வை, வந்துட்டேன்."

ஜன்னலைக் கொஞ்சம் நகர்த்துறீங்களாக்கா? காத்து வரட்டும். கண் ஒன்றுமில்லை, சூடு ஏறினால் எனக்கு இப்படித்தான் மங்கலாகும். மேடம் சொல்லியிருக்காங்க.

எத்தனை விவரமாகப் பேசுகிறாள் பார்த்தீங்களா? நடந்தே வருகிறாளாம். நம்ம ஊட்டுக்குப் போலாம் என்கிறாள். ஏசியாம் ஏசி! கேட்டீங்கதானே, நம்ம ஊடு என்றுதான் சொன்னாள்.

என்னது? தூக்கப் போகிறேன் என்றா? நான் எப்போ அப்படிச் சொன்னேன்? அஞ்சு வயசுப் புள்ளையை எவளாவது இடுப்பில் தூக்குவாளா, அதற்குத்தான் ரெண்டு கால் இருக்குதே. நான் பயிற்சி பண்ணினதே நடக்கிறதுக்குத்தானே? ஒரு கையில் கம்பி, ஒரு கையில் அவள் கை. பாதியில் களைப்பாக இருந்தால் நிழல் பார்த்து ரெண்டு பேரும் உட்காருவோம். யார் சிரித்தால் எனக்கென்ன? சிரிக்கிறவள் வந்து என் காலில் ஒரு எட்டு நடந்து காட்டட்டும்.

திங்கட்கிழமை எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் அவள் பேர் ஏறும். வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளித்தான். கூட்டிப்போக நான் இருக்கிறேன். என்னால் முடியாத அன்றைக்கு அந்தக் கோள்சொல்லிக் கிழவி இருக்குது, அதுக்கும் ஒரு வேலை வேண்டுமே.

ஸ்டாண்டு வந்திருச்சா? வண்டி நிற்கட்டும், நான் கடைசியாகத்தான் எழுவேன். அதோ! அந்த மஞ்சள் சேலை, தண்ணிக்கடை ஓரம். நங்கையாள்தான். இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாங்க பாருங்க, எத்தனை உயரமாகிவிட்டாள், கால் அவங்க முட்டிக்குக் கீழே தொங்குது! அக்கா, கொஞ்சம் பின்னால் சாய்ந்துக்குங்க, ஜன்னல் வழியாகக் கத்தப் போகிறேன்.

"நங்கையா! இங்க, இங்க! புள்ளைய எறக்கி உடுங்க. நானும் எறங்கி நடந்து வர்றேன், அவளும் நடந்து வரட்டும். எறக்கி உடுங்க நங்கையா!"